நீக்கப்பட்ட வாக்கியம்

முதலில் ஆற்றைக் கெடுத்தார்கள். இரண்டாவது, ஆறு கெட்டது என்று மனு கொடுத்தவர்களைத் தோல் ஆலையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். மூன்றாவது, வெளியே அனுப்பப்பட்டவர்களுக்காக நாங்கள் நட்ட சங்கக் கொடிக்கம்பத்தை, சாலையை அகலப்படுத்துகிறோம் என்று சொல்லிப் பிடுங்கினார்கள். சாலை இன்றுவரை அதே அகலம்தான். நான்காவது, எங்களோடு சேர்ந்து அந்தக் கம்பத்துக்குக் குழி தோண்டியவனை, எங்களில் நன்றாகப் பேசத் தெரிந்தவனை, ஆளுங்கட்சி அழைத்து மாலை போட்டது, அவன் போனான். ஐந்தாவது, போனவன் சட்டமன்ற உறுப்பினராகி, வாரியத் தலைவராகி, கடைசியில் பேரவைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தான். ஆறாவதாகத்தான் சொற்கள் போயின. இந்த வரிசையை யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. சொற்கள் போன பிறகுதான் கேடு வந்தது என்று வேலங்குப்பத்தில் இப்போது பலர் பேசுகிறார்கள். அது தவறு. சொற்கள் இருந்த காலத்தில் சொல்வதற்கு எங்களிடம் எல்லாம் இருந்தது, கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.

அவனை மாநிலம் முழுதும் மாண்பாளர் என்றுதான் அழைத்தார்கள். அவன் கட்சியில் தலைவர்களைப் பெயர் சொல்வது குற்றம். கிளைச் செயலாளர் ஒருவர் வரவேற்புரையில் பதற்றப்பட்டு அவன் பெயரைச் சொல்லிவிட்டு, மேடையிலிருந்து இறங்குவதற்குள் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, பிறகு கோழிக் கடை வைத்துப் பிழைத்தார். சுவரொட்டியில் மாண்பாளர், கல்வெட்டில் மாண்பாளர், காதுகுத்து அழைப்பிதழில் மாண்பாளர். மனைவி எங்கள் பக்கத்து வழக்கப்படி ‘ஏங்க’ என்பார். பேரப்பிள்ளைகள்கூட மாண்பாளர் தாத்தா என்றன. பசைவாளி தூக்கிக்கொண்டு அவனும் நானும் சுவர் சுவராக அலைந்த காலத்தில் நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு கூப்பிட ஆள் இல்லை.

முதல் சொல் ஒரு மானியக் கோரிக்கையின்போது போனது. அமைச்சர் சொன்ன பதிலை எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், உண்மைக்கு எதிர்ப்பக்கம் நிற்குமே, அந்தச் சின்னச் சொல்லால் குறிப்பிட்டார். மாண்பாளர் மணியை அடித்து, அந்தச் சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்றான். அவனுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர்களும் அப்படிச் சொன்னவர்கள்தான்; அச்சாகும்போது அந்த இடத்தில் புள்ளி வைப்பார்கள், உறுப்பினர்கள் வெளியே வந்து அதே சொல்லைச் சொல்லி ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு டீ குடிப்பார்கள். இந்த முறை வெளியே வந்தவர்கள் வாயில் அந்தச் சொல் இல்லை. அதே நேரத்தில் வேலங்குப்பம் சந்தையில், தராசு பிடித்திருந்த மீன்காரியிடம் “நீ சொல்ற எடை” என்று ஆரம்பித்த ஒருத்தி திறந்த வாயோடு நின்றாள். பள்ளிக்கூடத்தில் வாய்மைக்கு எதிர்ச்சொல் எழுதிய இடத்தில் கரும்பலகை கறுப்பாகவே இருந்தது. கோயில் திடலில் கூத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த கட்டியக்காரன், ராஜா சொல்வதெல்லாம் என்று நீட்டி, நின்று, சபையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்ட, வேறு எதற்கும் சிரிக்காத கூட்டம் அந்த இடைவெளிக்குச் சிரித்தது.

யாரும் பெரிதாக அதிரவில்லை. தண்ணீர் வராத குழாயையும் மருந்து இல்லாத ஆஸ்பத்திரியையும் ஏற்றுக்கொண்ட ஜனம் இதையும் ஏற்றுக்கொண்டது. கொஞ்சக் காலத்தில் ஒரு விஷயம் தெரிந்தது. ஊருக்கு மேற்கே சோதனைச்சாவடியைத் தாண்டி ஆந்திராவுக்குள் கால் வைத்தால் சொல் வாய்க்குத் திரும்பிவிடுகிறது, திரும்பி வரும்போது சாவடியிலேயே விழுந்துவிடுகிறது. அதன் பிறகு சண்டை போட வேண்டிய புருஷன் பெண்சாதிகள் டவுன் பஸ் ஏறி அங்கே போய், புளியமரத்தடியில் நின்று ஆசைதீரத் திட்டிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் அமைதியாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் திரும்பினார்கள். மரத்தடியில் ஒருவன் சர்பத் கடை போட்டான். “இன்னா, அண்ணி இன்னிக்கு வர்லியா? தனியா யாரத் திட்டப் போற?” என்று கண்டக்டர் கேட்பான்.

அடுத்து, வேலை நடக்க மேசைக்குக் கீழே கை மாறுவதன் சொல் போனது. தாலுகா அலுவலகத்தில் ஒரு காரியமும் நிற்கவில்லை. கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்தால் போதுமாக இருந்தது. அதற்கு அடுத்து, பிறப்பை வைத்து ஆளை அளக்கும் சொல் போனது. சொல் போனால் பொருளும் போகும் என்று நாங்கள் கூட்டம் போட்டுப் பேசினோம். அதை இங்கே பதிவு செய்கிறேன், ஏனென்றால் நம்பிக்கையோடு பேசினோம். சொல் போனது. தெரு அங்கேயே இருந்தது. “நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்கப் பழகினார்கள், பக்கம் சொன்னால் எந்தத் தம்ளர் என்று முடிவாகிவிடும். இந்த மூன்று சொற்களும் இன்னும் திரும்பவில்லை. அதனால்தான் இவற்றைச் சுற்றி வளைத்து எழுதுகிறேன்.

இனி அவளைப் பற்றி. அவள் பெயரை அதற்குரிய இடத்தில்தான் சொல்வேன்.

தோல் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேலை செய்த பெண்களுக்குக் கைத்தோல் உரிந்துகொண்டே இருந்தது. கையுறை கேட்டார்கள். பெரிய கோரிக்கை ஒன்றும் இல்லை, ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை. அந்த ஆலை அதற்குள் மாண்பாளரின் மைத்துனருக்குச் சொந்தமாகியிருந்தது. புதுக் கட்டடம் திறக்க மாண்பாளர் வந்த அன்று பெண்கள் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். அவள் முன்வரிசையில் இருந்தாள். வெற்றிலை மென்றுகொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கார் நிற்கும் என்று எல்லோரும் நினைத்தோம். பின்சீட்டில் இருந்தவன் குனிந்து டிரைவரின் தோளைத் தொட்டதையும் நான் பார்த்தேன். கார் நிற்கவில்லை.

எதிர்க்கட்சித் துணைத்தலைவர் ஆதிலட்சுமி அம்மாள் இதைப் பேரவையில் எழுப்பப்போவதாகச் சொல்லி அனுப்பினார். அவளுடைய கணவன் துரைக்கண்ணுவும் நானும் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தோம். அந்த அம்மாள் எழுந்து, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதில் நாற்காலியில் இருந்தவனின் பெயர் இருந்தது, மாண்பாளர் இல்லை, பெயர். துரைக்கண்ணுவின் மனைவி பெயர் இருந்தது. கார் இருந்தது. கொன்றது என்ற சொல் இருந்தது. ஆளுங்கட்சி வரிசை கொந்தளித்தது. மாண்பாளர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அந்த வாக்கியம் முழுவதும் நீக்கப்படுகிறது என்று மணியை அடித்தான்.

அந்த வாக்கியத்தில் தன் பெயரும் இருந்தது என்பது அவனுக்குத் தெரியவில்லை. அத்தனை காலமாக ஒருவரும் கூப்பிடாத பெயர், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். எப்போதும்போல எல்லோரும் அவனை மாண்பாளர் என்றே அழைத்ததால் வீட்டிலும் கட்சியிலும் ஒருவருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

எங்களுக்குத் தெரிந்தது. மாடத்தின் படி இறங்கும்போதே துரைக்கண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். “ணா, அவ பேரு இன்னா ணா?” என்றான். நான் வாயைத் திறந்தேன். காதில் தண்ணீர் புகுந்தால் இருக்குமே, அதுபோல வாய்க்குள் ஏதோ இருந்தது, சொல் இல்லை.

மாநிலத்தில் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. வண்டி என்றார்கள், ஒருவருக்கும் கஷ்டமில்லை. கறிக்கடைக்காரர் அறுத்தோம் என்றார். எங்களுக்கு மட்டும் யார், யாரை, எதனால், என்ன செய்தார் என்ற நான்கும் போய்விட்டன. ஊர்வலம் போனோம். நீதி வேண்டும், நீதி வேண்டும் என்று கத்திவிட்டு, பெயர் வர வேண்டிய இடத்தில் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கியது. அந்த மௌனத்தில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். எந்தச் சட்டப் பிரிவில் இதைத் தடுப்பது என்று போலீசுக்குக் குழப்பம். பிறகு எங்களுக்கே குழப்பம் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த இடைவெளி எங்கள் சங்கத்தின் வழக்கம் என்று நினைத்தார்கள். தட்டி எழுதுகிறவன் நடுவில் இடம் விட்டு எழுதி, “இங்க பூ வரைஞ்சிடலாமா தோழர்?” என்று கேட்டான். ஒரு மே தினத்தன்று, யாருக்காக மூச்சை அடக்குகிறேன் என்று தெரியாமல் நான் அடக்கினேன். நடந்துகொண்டே யோசித்தேன். முகம் வந்தது, வெற்றிலைச் சிவப்பு வந்தது, அவ்வளவுதான்.

துரைக்கண்ணு வாராவாரம் ஆந்திரா பஸ் ஏறினான். சண்டைக்காரர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்து மனைவி பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பான். ஒரு தடவை நானும் போனேன். அவன் சொன்னான், நானும் சொன்னேன், இருவரும் மாறி மாறிச் சொன்னோம்.

“உயிரோட இருக்கசொல்ல ‘இந்தா மே’ன்னுதான் ணா கூப்டேன். எங்கப்பனும் அப்பிடித்தான் கூப்டான். இப்ப பேரச் சொல்றேன் பாரு, அதுவும் பஸ்ஸுக்குத் துட்டு குட்து அடுத்த ஸ்டேட்டுக்கு வந்து.”

“எழுதி எடுத்துட்டுப் போலாமா?” என்றேன்.

“எத்தினி வாட்டி எழுதுனேன் தெரியுமா? சாவடி தாண்டுனா வெறும் காயிதம்.”

ஊர்வலத்தின் மௌனம் டெல்லிப் பத்திரிகை வரை போனதால் அரசு ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை வைத்து விசாரணை ஆணையம் அமைத்தது. ஒன்றியக் கூட்ட மண்டபத்தில் அமர்வு. நீதிபதி நல்லவர், அதனால் இன்னும் கஷ்டம். ஒவ்வொரு அமர்விலும் முதல் கேள்வி இறந்தவர் பெயர். சாட்சிப் பெண்கள் எழுந்து வாயைத் திறப்பார்கள். ஆவணத்தில் அந்த இடம் வெள்ளையாக இருக்கும். பெயர் இல்லாத ஒருவரை இறந்தவர் என்று நான் எப்படி எழுதுவது, சட்டப்படி பார்த்தால் யாருமே இறக்கவில்லை என்று ஆகிறதே என்று அவர் வருத்தப்பட்டு ஒத்திவைப்பார். ஆந்திராவுக்கு வந்து உட்காருங்கள் ஐயா என்று கேட்டோம். தன் அதிகாரம் சாவடியோடு முடிகிறது என்றார். ஆணையத்தின் காலமும் முடியும் தறுவாய்க்கு வந்தது.

இதற்கிடையில் தேர்தல் வந்தது. மாண்பாளர் வேட்புமனுவில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்ததைப் பரிசீலனை அதிகாரி கவனித்தார், கவனித்துவிட்டு, மாண்பாளரை யாருக்குத் தெரியாது என்று ஏற்றுக்கொண்டார். இயந்திரத்தில் படமும் சின்னமும் இருந்தன. ஜெயித்தான். எங்கள் தெருவிலும் ஓட்டு விழுந்தது, அதையும் பதிவு செய்கிறேன்.

புதிய பேரவை கூடியது. மூத்த உறுப்பினர் என்பதால் ஆதிலட்சுமி அம்மாள் தற்காலிகத் தலைவராக இருந்து உறுதிமொழி எடுக்கச் செய்தார். எங்கள் மாநிலத்தில் உறுதிமொழி பெயரில்தான் தொடங்கும். இன்னார் எனும் நான் என்று சொல்லித்தான் உறுப்பினராக வேண்டும். மாண்பாளர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றான். வாயைத் திறந்தான். அவையினர் அவன் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறான் என்று நினைத்து மேசையைத் தட்டினார்கள். மறுபடியும் திறந்தான். “எனும் நான்” என்பது மட்டும் வந்தது. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, யார் எனும் நீங்கள் என்று கேட்டார். அதற்குச் சிரித்தவர்களில் அவன் கட்சிக்காரர்களும் இருந்தார்கள்.

நீக்கிய வாக்கியத்தைத் திரும்பச் சேர்க்க முடியும், ஆனால் நீக்கச் சொன்னவனே எழுந்து கேட்க வேண்டும், வாக்கியம் முழுதாகத்தான் வரும், ஒரு சொல்லைப் பிய்த்துத் தர முடியாது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். மறுநாள் பகல் வரை நேரம். அதற்குள் உறுதிமொழி எடுக்காவிட்டால் பேரவைத் தலைவர் நாற்காலி வேறு ஒருவருக்கு. அதே மறுநாள்தான் ஆணையத்தின் கடைசி அமர்வும்.

அன்று சாயங்காலம் அவன் வேலங்குப்பம் வந்தான். கொடி இல்லாத வண்டியில், கூட ஆள் இல்லாமல், நான் துண்டறிக்கை அடிக்கும் கொட்டகைக்கே வந்தான்.

“கண்ணாயிரம், நல்லா இருக்கியா?”

“உட்காருங்க மாண்பாளரே.”

“நீயுமா? பேர் சொல்லிக் கூப்பிடு.”

“கூப்பிடணும்னுதான் பார்க்கிறேன். வர்றதில்ல.”

அவன் அச்சு எந்திரத்தின் மேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். துரைக்கண்ணுவைப் பார்க்க வேண்டும் என்றான். இரண்டு தெரு நடந்து போனோம். வழியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், பழக்கம்.

துரைக்கண்ணு ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கட்டி முடித்தான். மாண்பாளர் அவனிடம் சுருக்கமாகப் பேசினான். பேச்சில் அவனுக்குக் குறை எப்போதும் இல்லை.

“நாளைக்கு ஒரு நாள் நீயும் அந்தப் பொம்பளைங்களும் மண்டபத்துக்குப் போகாதீங்க. மனு போட்டவன் வரலன்னு ஆணையம் மூடிடுவாங்க. நான் எழுந்து வாக்கியத்தைத் திருப்பிக் கேக்கறேன். உன் பொண்டாட்டி பேர் உனக்கு, என் பேர் எனக்கு. நீ பஸ் ஏற வேணாம். வீட்டுலயே சொல்லிக்கலாம்.”

துரைக்கண்ணு ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் கைத்தோலும் சுண்ணாம்பில் வெந்ததுதான். அவன் சரி என்றால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு வேண்டியதே அந்தப் பெயர்தான். நீதி, ஆணையம், கண்டனம் எல்லாம் எங்கள் சொற்கள்.

“ஒக்காருங்க” என்றான் துரைக்கண்ணு. மாண்பாளர் உட்காரவில்லை. “நான் இல்லன்னு சொன்னா?”

“அப்ப நான் எழுந்திருக்க மாட்டேன். என் பேரும் போகட்டும், அதுவும் போகட்டும். யாருமே சாவலன்னு எழுதி மூடுவாங்க.”

“போவட்டும் ணா. எனக்குப் பழகிப்போச்சு. ஒங்களுக்கு இன்னிக்குத்தான் மொத நாளு. எத்தினி நாளு தாங்குறீங்கன்னு பாக்கலாம். நாளைக்கு நான் மண்டபத்துக்குப் போறேன்.”

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு பெண் தலை தெரிந்தது, சாட்சிகளில் ஒருத்தி. “நாங்களும்தான் போறோம். வண்டி வச்சு இட்டுனு போறீங்களா, மாண்பாளர்?” என்றாள்.

அவன் திரும்பி நடந்தான். தெருமுனையில் நின்று, பிள்ளையாக இருக்கும்போது அம்மா கூப்பிட்டது ஞாபகம் வருகிறதா என்று தேடுகிறவன்போல உதட்டை அசைத்துப் பார்த்தான். நான் அவனுக்காகப் பரிதாபப்படவில்லை. பரிதாபப்பட்டேனா என்பதும் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் பகலில் அவன் பேரவையில் எழுந்து வாக்கியத்தைத் திருப்பிக் கேட்டான். ஏன் கேட்டான் என்பதில் ஊரில் ஒருமித்த கருத்து இல்லை. உறுதிமொழி எடுத்து, நாற்காலியைப் பிடித்து, உடனே அதே வாக்கியத்தை மறுபடி நீக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டான் என்கிறார்கள் சிலர். முந்தின நாள் சிரித்த சொந்தக் கட்சிக்காரர்களின் முகம் அவனைத் தூங்கவிடவில்லை என்கிறார்கள் சிலர். கொட்டகையில் அச்சு எந்திரத்தின் மேல் கை வைத்து நின்றானே, அதுதான் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் எப்போதும் மனிதர்களைப் பற்றி நல்லதாகவே நினைப்பவள். நான் துண்டறிக்கையில் எல்லாவற்றுக்கும் காரணம் எழுதிப் பழகியவன், இதற்கு மட்டும் எழுத வரவில்லை. ஆதிலட்சுமி அம்மாள் அந்த வாக்கியத்தை அவைக்கு வாசித்தார், அவன் தன் பெயரைச் சொல்லி உறுதிமொழி எடுத்தான். வாக்கியத்தைக் காதால் கேட்ட கட்சி, அரை மணி நேரத்தில் வேறு ஒருவரைத் தலைவராக்கியது. சாயங்காலமே அடைமொழியைப் பிடுங்கிக்கொண்டது. வடமலை. அதுதான் அவன் பெயர். பிறகு எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். டீக்கடையில், பேருந்து நிலையத்தில், கடைசியில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் டவாலி மூன்று முறை உரக்கக் கூப்பிட்டான். வடமலையை எழுந்து கேட்க வைத்து மற்ற மூன்று சொற்களையும் திருப்பித் தாருங்கள் என்று புதிய தலைவரிடம் மனு கொடுத்தோம். பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்.

ஆனால் அந்தப் பகலில் எங்களுக்கு இது எதுவும் தெரியாது. நாங்கள் ஒன்றிய மண்டபத்தில் இருந்தோம். மின்விசிறி ஒன்று சுற்றியது, ஒன்று சுற்றவில்லை. பெண்கள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி கடைசி அமர்வு என்று சொல்லி எங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். சம்பிரதாயப்படி முதல் கேள்வியைக் கேட்க ஆவணத்தை எடுத்து, அதில் எப்போதும் வெள்ளையாக இருக்கும் இடத்துக்கு வந்து, நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெஞ்சில் இருந்த ஒருத்தி திடீரென்று தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். எனக்கும் நாக்கில் ஏதோ வந்து உட்கார்ந்தது, நான் அதைச் சொல்லவில்லை; அது நீதிபதி சொல்ல வேண்டியது. துரைக்கண்ணு பின்வரிசையில் எழுந்து நின்றான், யாரும் அவனை எழச் சொல்லவில்லை. தட்டச்சு செய்பவர் விரல்களைத் தயாராக வைத்தார்.

“சாட்சிகள் எழுந்து நின்று கேளுங்கள்” என்றார் நீதிபதி. பெண்கள் எழுந்தார்கள்.

“இறந்தவர் பெயர், தேசம்மாள்.”